கூடைப்பந்தில் தவறும் திருத்தமும்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு மாணவர்)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, கவிதை எழுதலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். கவிதைக்கு நம் கல்லூரியில் ஆள் பஞ்சமில்லை. எனக்கு உருப்படியாகத் தெரிந்தது ஒன்றுதான். கூடைப்பந்து ஆட்டத்தில் மேசை முன் உட்கார்ந்து ஸ்கோர் எழுதுவது. அதைப் பற்றியே எழுதுகிறேன். அதிலும் குறிப்பாக, ஆட்டத்தின் நடுவில் நடுவர்களும் மேசை அலுவலர்களும் தவறு செய்துவிட்டால் அதை எப்படித் திருத்துவது என்பதைப் பற்றி. இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன் தவறு செய்துதான் கற்றேன்.

நான் ஆட்டக்காரன் அல்ல. உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று பி.டி. சார் என்னை ஸ்கோரர் ஆக்கினார். வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருவன்தான். அதனால் "உன் கையெழுத்து நல்லா இருக்கு" என்று ஒருவர் சொன்னதே எனக்குப் பெரிய மெடல் வாங்கிய மாதிரி இருந்தது.

அன்று நடந்தது

இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, பாலிடெக்னிக்குகளுக்கு இடையிலான மண்டலப் போட்டியின் அரையிறுதி நம் மைதானத்தில் நடந்தது. நான் ஸ்கோரர். நான்காவது குவார்ட்டர். இரண்டு நிமிடத்துக்கும் குறைவாகவே பாக்கி. நாம் ஒரு புள்ளி முன்னிலை.

நம் ஆட்டக்காரர் ஒருவர் எதிரணிக்காரரின் கையில் தட்டிவிட்டார். விசில் அடித்தது. எதிரணிக்காரர் அப்போது பந்தை எறிந்து கொண்டிருக்கவில்லை, சாதாரண ஃபவுல்தான். ஸ்கோர் ஷீட்டில் டீம் ஃபவுல் கட்டத்தைப் பார்த்தேன். மூன்று அடித்திருந்தது. இதையும் சேர்த்து நான்கு என்று நடுவருக்குக் காட்டினேன். நான்கு என்றால் ஃப்ரீ த்ரோ கிடையாது. எதிரணிக்குப் பக்கக் கோட்டிலிருந்து த்ரோ இன் கொடுத்தார்கள்.

ஆட்டம் ஓட ஆரம்பித்த பிறகு, ஆட்டக்காரர்களின் தனி ஃபவுல் கட்டங்கள் பக்கம் என் கண் போனது. அந்தக் குவார்ட்டரில் நம் அணிக்கு நான்கு அல்ல, ஐந்து ஃபவுல். 9ஆம் எண் செய்த ஒரு ஃபவுலை அவர் பெயருக்கு நேராகக் குறித்துவிட்டு, டீம் ஃபவுல் கட்டத்தை அடிக்க மறந்திருந்தேன். அந்த நேரத்தில் ஒரு கூடை விழுந்தது, அதை எழுதும் அவசரம். ஆக, நடந்தது ஐந்தாவது டீம் ஃபவுல். எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்திருக்க வேண்டும்.

எனக்குக் கை வேர்த்துவிட்டது. எதிரணி பாஸ் செய்த பந்து அவர்கள் கையில் பட்டே வெளியே போனது. விசில். நடுவர் பந்தை எடுத்து வந்து நம் ஆட்டக்காரர் கையில் கொடுக்க ஏழெட்டு செகண்ட் ஆகியிருக்கும். பஸ்ஸரை அழுத்தச் சொல்லி, எழுந்து நின்று, "சார், தப்பு பண்ணிட்டேன்" என்று சொல்ல அந்த ஏழெட்டு செகண்ட் தாராளமாகப் போதும். நான் சொல்லவில்லை. சுற்றிலும் நம் கல்லூரி மாணவர்கள் கூச்சல். பக்கத்தில் என் கிளாஸ்மேட்ஸ். இவ்வளவு பேர் முன்னால் எழுந்து என் தவறை நானே எப்படிச் சொல்வது? பந்து கைக்குப் போனது. ஆட்டம் தொடர்ந்தது.

47–46 என்று நாம் ஜெயித்தோம். தலைமை நடுவர் ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போட்டார். என்னைக்கூட ரெண்டு பேர் தோளில் தட்டினார்கள். அன்று ராத்திரி ஹாஸ்டலில் போட்ட பிரியாணி எனக்கு இறங்கவில்லை.

மறுநாள் காலை பி.டி. சாரிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. போட்டிச் செயலாளருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார். கையெழுத்து ஆகிவிட்டதால் முடிவு மாறவில்லை. பிறகு அலமாரியிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்து என் கையில் கொடுத்து, "நாற்பத்தி நாலாவது ரூலைப் படிச்சுட்டு வா" என்றார். புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. படித்துப் புரிந்துகொண்டதைத்தான் கீழே உங்களுக்குச் சொல்கிறேன்.

எவற்றைத் திருத்தலாம்?

உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபாவின் 2024 விதிப் புத்தகத்தில் 44ஆம் விதி "திருத்தக்கூடிய தவறுகள்" பற்றியது. எல்லாத் தவறையும் திருத்த முடியாது. நான்கே நான்கு வகைதான்.

1. தகுதி இல்லாத அணிக்கு ஃப்ரீ த்ரோ கொடுத்துவிடுவது.
2. தகுதி உள்ள அணிக்கு ஃப்ரீ த்ரோ கொடுக்காமல் விடுவது. (நான் காரணமானது இது.)
3. புள்ளியைத் தவறாகக் கொடுப்பது அல்லது தவறாக ரத்து செய்வது.
4. ஃப்ரீ த்ரோவை எறிய வேண்டியவர் எறியாமல் வேறொருவர் எறிய விடுவது.

நடுவர் கண்ணில் படாமல் போன டிராவலிங், "அது ஃபவுலே இல்லை சார்" என்று நாம் கத்துகிற ஃபவுல், கோட்டை மிதித்தாரா இல்லையா என்பது, இதெல்லாம் இந்தப் பட்டியலில் வராது. அவை நடுவரின் கணிப்பு. விதியைக் கவனக்குறைவால் மீறிவிட்ட இடங்களுக்குத்தான் 44ஆம் விதி.

நம் ஒர்க் ஷாப்பை நினைத்துப் பாருங்கள். ஃபிட்டிங்கில் அளவு கொஞ்சம் கூடுதலாக இருந்தால் மறுபடி ஃபைல் போட்டுச் சரி செய்யலாம். ஒரு மில்லி மீட்டர் அதிகமாகத் தேய்த்துவிட்டால் முடிந்தது கதை, தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. ஆட்டத்திலும் இப்படி இரண்டு ஜாதித் தவறு உண்டு. எது எந்த ஜாதி என்று தெரிந்திருப்பதுதான் அலுவலரின் முதல் வேலை.

எதுவரை திருத்தலாம்?

இந்த இடம் கொஞ்சம் சிக்கலானது. நிதானமாகப் படியுங்கள்.

தவறு நடக்கிறது. அதற்குப் பிறகு ஆட்டக் கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது. பிறகு முதன்முறையாகப் பந்து "டெட்" ஆகிறது. அதாவது விசில் அடிக்கிறது அல்லது கூடை விழுகிறது. அதற்கு அடுத்து பந்து மறுபடி "லைவ்" ஆவதற்குள் தவறைக் கண்டுபிடித்தாக வேண்டும். த்ரோ இன் என்றால், எறிபவர் கைக்குப் பந்து போனதுமே அது லைவ். அந்தக் கணத்தோடு கதவு சாத்திவிடும்.

கண்டுபிடிப்பவர் நடுவராக இருக்கலாம், மேசை அலுவலராக இருக்கலாம், ஆட்ட ஆணையர் வந்திருந்தால் அவராகவும் இருக்கலாம். எந்த அணிக்கும் பாதகம் இல்லை என்றால் நடுவர் ஆட்டத்தை உடனே நிறுத்தலாம். ஆனால் ஸ்கோரர் அப்படிச் செய்யக் கூடாது. பந்து ஓடிக்கொண்டிருக்கும்போது பஸ்ஸர் அடித்தால் ஒரு அணியின் நல்ல வாய்ப்பு கெட்டுவிடும். முதல் டெட் பால் வரை காத்திருந்து அடிக்க வேண்டும். நான் காத்திருந்தது சரி. காத்திருந்துவிட்டு அடிக்காமல் விட்டதுதான் தப்பு.

எப்படித் திருத்துவது?

பொது விதி முதலில். தவறு நடந்ததற்கும் கண்டுபிடித்ததற்கும் நடுவில் விழுந்த புள்ளி, செய்த ஃபவுல், ஓடிய நேரம் எல்லாம் அப்படியே செல்லும். எதையும் அழிக்கக் கூடாது. திருத்தம் முடிந்ததும், வேறு விதமாகச் சொல்லப்படாத இடங்களில், ஆட்டம் எங்கே நின்றதோ அங்கிருந்தே தொடரும். அப்போது பந்து யாருக்கு உரியதோ அவர்களுக்கே போகும்.

இனி ஒவ்வொன்றாக.

தகுதி இல்லாத ஃப்ரீ த்ரோ: எறிந்தது ரத்து. கடிகாரம் இன்னும் ஓடவில்லை என்றால், யாருடைய ஃப்ரீ த்ரோ ரத்தானதோ அவர்களுக்கே த்ரோ இன். கடிகாரம் ஓடிவிட்டது, தவறு தெரியவரும்போதும் பந்து அதே அணியிடம்தான் இருக்கிறது அல்லது யாரிடமும் இல்லை என்றால், தவறு நடந்தபோது பந்துக்கு உரிமை உள்ள அணிக்கே கொடுக்க வேண்டும். பந்து எதிரணி வசம் போயிருந்தால் அது ஜம்ப் பால் நிலை. மேசை மேல் இருக்கும் அம்புக்குறி யார் பக்கமோ அவர்களுக்குப் பந்து.

கொடுக்காமல் விட்ட ஃப்ரீ த்ரோ: பந்து கைமாறவில்லை என்றால் ஃப்ரீ த்ரோ கொடுத்து, வழக்கமான ஃப்ரீ த்ரோவுக்குப் பிறகு ஆட்டம் எப்படித் தொடருமோ அப்படியே தொடர வேண்டும். பந்து கைமாறியிருந்தால், ரீபவுண்டுக்கு யாரும் வரிசையில் நிற்காமல் ஃப்ரீ த்ரோ எறிய வைத்து, ஆட்டம் நின்ற இடத்திலிருந்து தொடர வேண்டும். ஃப்ரீ த்ரோவுக்குப் பதிலாகத் தவறாகக் கிடைத்த அந்த த்ரோ இன்னிலிருந்தே அதே அணி கூடை போட்டுவிட்டால், தவறைக் கண்டுகொள்ள வேண்டியதில்லை.

என் ஆட்டத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். நான் எழுந்து சொல்லியிருந்தால் எதிரணி இரண்டு ஃப்ரீ த்ரோ எறிந்திருக்கும். அதன் பிறகு பந்து வெளியே போன இடத்திலிருந்து நம் அணிக்கே த்ரோ இன் கிடைத்திருக்கும். நாம் ஒன்றும் நாசமாகப் போயிருக்க மாட்டோம். அவர்கள் இரண்டையும் போட்டிருப்பார்களா என்பது யாருக்குத் தெரியும்? ஆனால் எறிந்து பார்க்கும் உரிமை அவர்களுடையது. அதை நான் எடுத்துவிட்டேன்.

ஆள் மாறி எறிந்த ஃப்ரீ த்ரோ: எறிந்தது ரத்து. வேறு தண்டனை ஏதும் நிறைவேற்ற பாக்கி இல்லை என்றால் எதிரணிக்கு த்ரோ இன். ஆனால் முதல் பந்து கையை விட்டுப் போவதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டால் தண்டனையே இல்லை. சரியான ஆளைக் கூப்பிட்டு நிறுத்தினால் போதும்.

இன்னொன்று. திருத்தத்துக்கு வேண்டிய ஆட்டக்காரர் மாற்றப்பட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் அவரைத் திரும்ப உள்ளே கூப்பிட வேண்டும். அடிபட்டோ ஐந்து ஃபவுல் ஆகியோ வெளியேறியிருந்தால் அவருக்குப் பதிலாக வந்தவர் எறிவார்.

கையெழுத்து

மேலே சொன்னது ஃப்ரீ த்ரோ, புள்ளி சம்பந்தமாக விதியை மீறிய தவறுகளுக்கு. வெறும் எழுத்துப் பிழை என்று ஒன்று உண்டு. நடுவர் மூன்று புள்ளி காட்டினார், ஸ்கோரர் இரண்டு எழுதினார். ஃபவுல் எண்ணிக்கை, டைம் அவுட் எண்ணிக்கை, கடிகாரம் ஆகியவற்றில் பிசகு. இவற்றை ஆட்டம் முடிந்த பிறகும்கூடத் திருத்தலாம். அதனால் ஜெயித்த அணி தோற்றாலும் சரிதான். ஒரே எல்லை, தலைமை நடுவர் ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போடும் கணம். அதற்குப் பிறகு திருத்தம் கிடையாது. போட்டி நடத்துபவர்களுக்கு அறிக்கை அனுப்பலாம், அவ்வளவுதான்.

இதைப் படித்தபோது எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. அப்பா ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறார். எழுதப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு புளியங்கொட்டையை இந்தப் பையிலிருந்து அந்தப் பைக்கு மாற்றிப் போட்டுக் கணக்கு வைப்பார். நான் ஏழாவது படிக்கும்போது ஒரு நாள் புளியங்கொட்டை கணக்குக்கும் மேஸ்திரி நோட்டுக்கும் நாலு மூட்டை வித்தியாசம். அப்பா வீட்டுக்கு வந்துதான் எண்ணிப் பார்த்தார். மறுநாள் போய்க் கேட்டதற்கு, "ரேகை வெச்சாச்சு, இனிமே நோட்டுல கை வைக்க முடியாது" என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அப்பா, ரேகை வைக்கிறதுக்கு முன்னாடி அங்கேயே உட்கார்ந்து கொட்டையை எண்ணுவார். பின்னால் நிற்பவர்கள் சலித்துக்கொண்டாலும் எண்ணி முடித்த பிறகுதான் விரலை நீட்டுவார்.

எழுதத் தெரிந்த நான், மை காய்வதற்கு முன்னாலும் வாயைத் திறக்கவில்லை.

உலகம் பார்த்த இரண்டு தவறுகள்

பெரிய இடங்களிலும் இது நடக்கும். 1972 மியூனிக் ஒலிம்பிக் இறுதி ஆட்டம், அமெரிக்காவும் சோவியத் யூனியனும். 3 செகண்ட் இருக்கும்போது டக் காலின்ஸ் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டு அமெரிக்காவை 50–49 என்று முன்னுக்குக் கொண்டு வந்தார். நாங்கள் கேட்ட டைம் அவுட்டை மேசையில் கவனிக்கவில்லை என்று சோவியத் தரப்பு முறையிட்டது. 1 செகண்ட் இருக்கும்போது ஆட்டம் நின்றது. அப்போது ஃபிபாவின் பொதுச் செயலாளர் வில்லியம் ஜோன்ஸ் வந்து, 3 செகண்டுக்குக் கடிகாரத்தைத் திருப்பி வைக்கச் சொன்னார். கடிகாரம் சரியாகத் திருப்பி வைக்கப்படுவதற்குள் பந்தைக் கொடுத்துவிட்டார்கள். ஹாரன் அடித்தது, அமெரிக்கர்கள் ஜெயித்ததாக நினைத்துக் கொண்டாடினார்கள். மறுபடியும் 3 செகண்ட். இந்த முறை எதெஷ்கோ கோர்ட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு எறிந்த பந்தை அலெக்சாண்டர் பெலோவ் பிடித்துக் கூடையில் போட்டார். 51–50. அமெரிக்கா செய்த முறையீடு 3–2 என்று தள்ளுபடியானது. தலைமை நடுவராக இருந்த பிரேசிலின் ரெனாட்டோ ரிகெட்டோ ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போட மறுத்தார். அமெரிக்க ஆட்டக்காரர்கள் வெள்ளிப் பதக்கத்தை வாங்கவே இல்லை. தவறைத் திருத்தும் முறை குழம்பினால், திருத்தமே இன்னொரு தவறாகிவிடும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

இன்னொன்று முழுக்க முழுக்க ஸ்கோரர் மேசையின் தவறு. 2007 டிசம்பரில் அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டியில் அட்லாண்டாவும் மயாமியும் மோதின. அங்கே ஆறு ஃபவுல் ஆனால் வெளியேற வேண்டும். கூடுதல் நேரத்தில் 51.9 செகண்ட் இருக்கும்போது, ஆறு ஃபவுல் ஆகிவிட்டது என்று ஷகீல் ஓ'நீலை வெளியே அனுப்பினார்கள். உண்மையில் அவருக்கு ஐந்துதான். மயாமியின் முறையீடு ஏற்கப்பட்டது. 2008 மார்ச் 8 அன்று அந்த 51.9 செகண்டை மட்டும் மறுபடி ஆட வைத்தார்கள். அதற்குள் ஓ'நீல் வேறு அணிக்கே மாறிப் போயிருந்தார்! ஒரு ஃபவுலைத் தப்பாகக் குறித்ததால் வந்த வினை.

மேசையில் உட்காரும் நண்பர்களுக்கு

பெரிய போட்டிகளில் வீடியோ போட்டுப் பார்க்கும் வசதி இருக்கிறது. நம் சிமெண்ட் கோர்ட்டில் ஸ்கோர் ஷீட்தான் சாட்சி. ஸ்கோர் போர்டும் ஷீட்டும் முரண்பட்டால் ஷீட்தான் செல்லும். அதனால் நான் கடைப்பிடிக்கும் சில பழக்கங்கள்:

ஒன்று. முதல், மூன்றாம் குவார்ட்டருக்குச் சிவப்பு மை, இரண்டாம், நான்காம் குவார்ட்டருக்கு நீலம் அல்லது கறுப்பு மை. இரண்டாம் குவார்ட்டர் முடிந்ததும் ஃபவுல் கட்டங்களில் தடித்த கோடு போட்டுப் பிரிக்க வேண்டும். இப்படிச் செய்தால் நடப்புக் குவார்ட்டரின் ஃபவுல்களை மட்டும் ஒரு பார்வையில் எண்ணிவிடலாம்.

இரண்டு. ஒவ்வொரு ஃபவுலுக்கும் தனிக் கட்டம், டீம் கட்டம் இரண்டையும் அடித்த பிறகே பேனாவைத் தூக்க வேண்டும்.

மூன்று. ஒவ்வொரு டைம் அவுட்டிலும் இரண்டு கட்டங்களையும் எண்ணி ஒப்பிட வேண்டும். உதவி ஸ்கோரர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். நான் சட்டைப் பையில் நாலு புளியங்கொட்டையும் வைத்துக்கொள்வது வழக்கம். சிரிக்காதீர்கள். டீம் ஃபவுலுக்கு ஒன்று வீதம் மேசை மேல் எடுத்து வைப்பேன். பை காலியானால் அடுத்த ஃபவுலுக்கு ஃப்ரீ த்ரோ என்று அர்த்தம்.

நான்கு. சந்தேகம் வந்தால் முதல் டெட் பாலில் பஸ்ஸர். நிச்சயமாகத் தெரியும்வரை காத்திருந்தால் நேரம் போய்விடும். சந்தேகம் வீணானால் அரை நிமிடம்தான் நஷ்டம்.

இந்த வருடம்

இந்த வருட மண்டலப் போட்டியிலும் நான்தான் ஸ்கோரர். பி.டி. சார் என்னை மாற்றவில்லை. கடைசி நிமிடத்தில் நம் 7ஆம் எண் மீது ஃபவுல், இரண்டு ஃப்ரீ த்ரோ. ஆனால் எறியப் போய் நின்றது நம் 11ஆம் எண், அணியிலேயே நல்ல ஷூட்டர். நடுவர் கவனிக்கவில்லை. எதிரணியும் கவனிக்கவில்லை. நடுவர் பந்தை அவர் கையில் கொடுப்பதற்கு முன் நான் பஸ்ஸர் அடிக்கச் சொல்லி எழுந்து நின்றேன். கால் நடுங்கியது. "சார், ஷூட்டர் ஏழாம் நம்பர்" என்றேன்.

7ஆம் எண் வந்து எறிந்தார். ஒன்று விழுந்தது, ஒன்று விழவில்லை. ஒரு புள்ளியில் நாம் தோற்றோம்.

"நம்ம காலேஜ்காரனாடா நீ?" என்று கேட்டவர்கள் உண்டு. மெஸ்ஸில் பக்கத்தில் உட்காராமல் எழுந்து போனவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் விதியைச் சொல்லிப் பார்த்தேன். பந்து எறியப்பட்ட பிறகு எதிரணி கவனித்திருந்தால் விழுந்த புள்ளியும் போய், பந்தும் அவர்களிடம் போயிருக்கும் என்றேன். சிலர் ஒத்துக்கொண்டார்கள், சிலர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள் என்று தெரிந்திருந்தாலும் நான் எழுந்திருக்கத்தான் வேண்டும். மேசையில் உட்கார்ந்த பிறகு ஸ்கோரருக்குக் காலேஜ் கிடையாது.

போன வருட அரையிறுதி விஷயம் பி.டி. சாருக்கும் போட்டிச் செயலாளருக்கும் தவிர இதுவரை யாருக்கும் தெரியாது. ஜெயித்த நம் அணி நண்பர்கள் இதில்தான் முதன்முறையாகப் படிக்கிறார்கள். உங்கள் வெற்றியில் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். நீங்கள் ஆடியது நிஜம், குறை என் பேனாவில். அந்த எதிரணி நண்பர்கள் யாராவது கையில் இந்த மலர் கிடைத்தால், உங்களுக்கு வர வேண்டிய இரண்டு ஃப்ரீ த்ரோவுக்காக என் மன்னிப்பை ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

மூன்றாம் ஆண்டோடு நான் போய்விடுவேன். ஸ்கோர் எழுதக் கற்றுக்கொள்ள விருப்பமுள்ள ஜூனியர் நண்பர்கள் மாலை ஐந்து மணிக்குக் கோர்ட்டுக்கு வாருங்கள். கையெழுத்து சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. சிவப்பில் ஒன்று, நீலத்தில் ஒன்று என இரண்டு பேனா கொண்டு வந்தால் போதும். புளியங்கொட்டை நான் தருகிறேன்.